‘பிற்றே’க்கு ஒரு தமிழ்ச் சொல்

பாடன்
பங்குனி 9, 2024

அன்புள்ள பெரியப்பாவுக்கு,

எழுதுவதற்கே முதலில் மன்னிப்புக் கேட்க வேண்டும். ஒன்பது வருடமாக ஒரு வரியும் வராத வீட்டிலிருந்து கடிதம் வந்தால், தபால்காரர் பெட்டி மாறிப் போட்டுவிட்டார் என்றுதான் நினைப்பீர்கள். அவர் சரியாகத்தான் போட்டிருக்கிறார். நான் உங்கள் தம்பி தயாபரனின் மகள் சரணியா. கடைசியாக என்னைப் பார்த்தபோது எனக்குப் பதின்மூன்று வயது, பல்லுக்குக் கம்பி போட்டிருந்தேன். கம்பியைக் கழற்றிவிட்டார்கள். கூச்சம் அப்படியே இருக்கிறது. தொலைபேசியில் எனக்குக் குரல் எழும்பாது, அதனால் எழுதுகிறேன். விலாசம் அம்மா தந்தார். “அனுப்பிப் பார் பிள்ளை, திரும்பி வந்தா வரட்டும்” என்றார்.

உங்கள் உடம்பு எப்படி? நெஷாத்தெல் ஏரிக்காற்று குளிர்காலத்தில் எலும்புவரை போகும் என்கிறார்கள். நாங்கள் இருக்கிறோம்.

நான் பேர்ண் பல்கலைக்கழகத்தில் இறையியல் படிக்கிறேன். நம் குடும்பத்தில் பல்கலைக்கழகத்துக்குப் போன முதல் ஆள் நான்தான் என்று அப்பா சபையில் எழுந்து சொன்ன அன்று, நான் போய்க் கழிப்பறையில் ஒளிந்துகொண்டேன். இந்த வருடம் முடிவுக் கட்டுரை எழுதுகிறேன். கொன்ராட் ஹெல்மிங் என்ற ஜேர்மன் தத்துவவாதியைப் பற்றியது. நூற்றியெழுபது வருடங்களுக்கு முந்தியவர், கிராமத்துப் போதகர் ஒருவரின் மகன். தானும் இறையியல் படித்து உதவிப் போதகராக இருந்தவர். மனிதரிடம் உள்ள மிக நல்லவற்றைச் சேர்த்துத் தூரத்தில் வைத்துவிட்டு அதற்குக் கடவுள் என்று பெயரிட்டு வணங்குகிறோம், அவற்றைத் திரும்பக் கொண்டுவந்து பக்கத்து வீட்டுக்காரனிடம் கொடுப்போம் என்று எழுதினார். வேலை போயிற்று. எல்லை தாண்டிச் சுவிஸுக்கு, எங்கள் பாடனுக்கு வந்து பெண்கள் பள்ளியில் கணக்குப் படிப்பித்தார். இங்கே அவர் பெயரில் ஒரு தெருக்கூட இல்லை.

நான் என்ன படிக்கிறேன் என்று அம்மாவுக்கு விளங்கட்டும் என்பதற்காக அவர் எழுதியதில் சில பக்கங்களைத் தமிழாக்குகிறேன். ஒரு வரியில் நின்றுவிட்டேன். “கடவுளிடம் போகும் ஒவ்வொரு பிற்றேயும் முதலில் ஒரு மனிதனைக் கடந்து போயிருக்கிறது.”

இந்த ஜேர்மன் பிற்றேக்குத் தமிழ் என்ன, பெரியப்பா? பாண் கடையில் சாமானை நீட்டும்போதும் பிற்றே, கெஞ்சும்போதும் பிற்றே, கதவைத் தட்டினால் உள்ளே வரச் சொல்வதும் பிற்றே, ஜெபத்தில் கேட்பதும் பிற்றே. இருபது வருடம் இரண்டு மொழியிலும் பிரசங்கம் செய்தவர் நீங்கள். உங்களுக்குத் தெரியும் என்று நினைத்தேன்.

மறுமொழி போடாவிட்டாலும் எனக்குக் கோபம் இல்லை.

உங்கள் பெறாமகள்
சரணியா

•

நெஷாத்தெல்
பங்குனி 28, 2024

சரணியா பிள்ளைக்கு,

உன் கடிதம் வந்து கிடைத்தது. மறுமொழிக்கு நாள் எடுத்துவிட்டது. வீட்டில் தமிழ் எழுதிய பேனையைத் தேடினேன் என்று வைத்துக்கொள்.

நான் சுகம். முழங்கால் மட்டும் என்னோடு கோபம். இருபது வருடம் அதன்மேல் நின்று மன்றாடியதற்கு இப்போது பழி வாங்குகிறது. முதியோர் இல்லம் ஒன்றில் வேலை. தூக்குவது, குளிப்பாட்டுவது, சாப்பாடு தீத்துவது. ஜெபரத்தினம் என்ற பெயர் இங்கே ஒருவர் வாயிலும் நுழையவில்லை. “முசியே ஜெபா” என்கிறார்கள். ஜெபம் என்றால் என்னவென்று யாரும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை.

உன் பிற்றேக்கு வருகிறேன். ‘வேண்டுதல்’ போடாதே. அதோடு மெழுகுதிரியும் நேர்த்திக்கடனும் சேர்ந்து வரும். ‘மன்றாட்டு’ கண்ணீர் இல்லாமல் வராது, பாண் கடையில் யாரும் மன்றாடுவதில்லை. ‘விண்ணப்பம்’ வேதத்தில் உள்ள நல்ல சொல்தான், ஆனால் நம்மவருக்கு அகதி விண்ணப்பம்தான் ஞாபகம் வரும். நான் பேர்ணில் பாதிச் சனத்துக்கு எழுதிக் கொடுத்தவன். இரண்டு படம் ஒட்டாமல் அந்தச் சொல்லைக் கடவுளிடம் அனுப்ப எனக்கே மனம் வராது. ‘தயவுசெய்து’ பஸ்ஸில் எழுதி வைப்பதற்கு நல்லது.

ஆகவே, தெரியாது. வேறு யாரிடமாவது கேட்டுப் பார்.

உன் ஜேர்மன்காரன் எல்லை தாண்டி வந்தானே, என்ன வதிவிடப் பெர்மிட் கொடுத்தார்கள்? B-யோ F-ஓ?

வீட்டில் எல்லோரும் நலமாயிருப்பீர்கள் என்று எண்ணுகிறேன்.

ஜெபரத்தினம்

•

பாடன்
சித்திரை 14, 2024

அன்புள்ள பெரியப்பாவுக்கு,

உங்கள் கடிதத்தை அம்மாவுக்கு வாசித்துக் காட்டினேன். “அத்தான் மாறேல்ல” என்று சிரித்தார். அவர் சிரித்துக் கொஞ்ச நாளாயிற்று. முழங்காலுக்குச் சுடுதண்ணீர் ஒத்தடம் கொடுங்கள் என்று சொல்லச் சொன்னார்.

ஹெல்மிங்குக்குப் பெர்மிட் இல்லை. இரண்டு வருடத்துக்கு ஒருமுறை நகரசபையிடம் நன்னடத்தைச் சான்றிதழ் காட்ட வேண்டியிருந்தது. அதைக் கொடுக்க வேண்டியவர் ஊர்ப் போதகர். கடவுள் இல்லை என்று எழுதிய மனிதர் கோயில் கதவைத் தட்டி, நான் நல்லவன் என்று எழுதித் தாருங்கள் என்று நின்றிருக்கிறார். போதகரும் ஒவ்வொரு முறையும் எழுதிக் கொடுத்தாராம்.

அவர் வேலை போனது எப்படி என்று நூல்களில் இரண்டே வரிதான் இருக்கிறது. அதை வாசிக்கும்போதெல்லாம் எனக்கு நம் சபைதான் ஞாபகம் வருகிறது. சுவிஸ் கோயிலை நாம் ஞாயிறு பின்னேரங்களில் வாடகைக்கு எடுத்திருந்தோமே, அந்த மண்டபம். ஜெயகௌரி அக்காவின் மகன் ஆரனின் பெட்டி முன்னால் இருந்தது. ஆறு வயதுப் பிள்ளைக்கு அவ்வளவு சின்னப் பெட்டி செய்வார்கள் என்று எனக்கு அதுவரை தெரியாது. நான் நான்காவது வரிசையில் இருந்தேன். நீங்கள் ஜெபத்தைத் தொடங்கினீர்கள். பாதியில் புத்தகத்தை மூடினீர்கள். “எனக்குத் தெரியாது. ஏன் எண்டு எனக்குத் தெரியாது, தெரியும் எண்டு இனிச் சொல்லவும் மாட்டன்” என்றீர்கள். பிறகு ஜெயகௌரி அக்காவைப் பார்த்துவிட்டு எங்கள் பக்கம் திரும்பி, “இந்தப் பிள்ளை வீட்டில் இனி அடுப்பு எரியாது. திங்கக்கிழமை ஆர் சமைச்சுக் குடுக்கிறியள்? செவ்வாய் ஆர்?” என்று கேட்டீர்கள். அப்பாதான் எழுந்து ஜெபத்தை முடித்தார். நீங்கள் பக்கக் கதவால் போய்விட்டீர்கள். “எனக்கு அண்ணர் எண்டு ஒருத்தரும் இல்லை” என்று அப்பா காரில் சொன்னார்.

அன்றைக்குப் பிறகு உங்களுக்கு மனம் இலேசாக இருந்ததா? கேட்கக் கூடாதது என்றால் இந்த வரியை விட்டுவிடுங்கள்.

அம்மா சுகம். அப்பா இப்போது வேலைக்குப் போவதில்லை.

உங்கள்
சரணியா

•

நெஷாத்தெல்
வைகாசி 20, 2024

பிள்ளை சரணியாவுக்கு,

ஜேர்மன்காரனைப் பற்றிக் கேள், மறுமொழி எழுதுகிறேன். என்னைப் பற்றிக் கட்டுரை எழுதாதே.

இப்படி எழுதி மடித்து வைத்து ஐந்து கிழமை. இன்றைக்கு மறுபடி பிரித்தேன்.

உன் நூல்களில் அவன் என்ன நினைத்தான் என்று இருக்கும். அடுத்த ஞாயிறு என்ன செய்தான் என்று இருக்காது. நான் செய்ததைச் சொல்கிறேன். பேர்ண் நிலையத்துக்குப் போய் முதலில் நின்ற ரயிலில் ஏறினேன். அது இந்த ஊரில் என்னை இறக்கிவிட்டது. ஏரிக்கரை வாங்கில் இருந்தேன். ஆராதனை நேரம் மூன்று முதல் ஐந்து. அந்த இரண்டு மணித்தியாலமும் கையை எங்கே வைப்பது என்று தெரியவில்லை. சட்டைப்பையில் வைத்தேன், மடியில் வைத்தேன், ஒரு வாத்துக்கு ஒன்றும் இல்லாத கையை நீட்டினேன். மனம் இலேசாகவா? தாயை அடக்கம் பண்ணிவிட்டு வீட்டுக்கு வந்தவனுக்கு இருக்குமே ஓர் இலேசு, அது இருந்தது. இப்போது ஞாயிறுகளில் வேலை கேட்டு வாங்குகிறேன். பிள்ளைகுட்டிக்காரருக்கு விட்டுக்கொடுக்கிறேன் என்று மற்றவர்கள் நினைக்கிறார்கள்.

ஒன்று மட்டும் விளங்கிக்கொள். நான் யாரோடும் கோபித்துக்கொண்டு போகவில்லை. என் வாய் பொய் சொல்லத் தொடங்கியது, அதை நிறுத்தினேன். அன்றிலிருந்து அந்தப் புத்தகத்துச் சொல் ஒன்றை இந்த வாயால் சொன்னதில்லை. போன வருடம் இல்லத்தில் மதாம் றொஸே என்று ஒரு கிழவி, சாகக் கிடந்தவர், என் கையைப் பிடித்து ஜெபிக்கச் சொன்னார். மாட்டேன் என்றேன். போதகரை அழைத்தேன். அவர் மறுநாள்தான் வந்தார். மதாம் இருக்கவில்லை. அப்போதும் நான் செய்தது சரி என்றுதான் நினைக்கிறேன்.

அந்தத் திங்கட்கிழமை ஒருவரும் சமைத்திருக்க மாட்டார்கள். தெரியும். ஆனாலும் கேட்டது பிழையில்லை.

வேலைக்குப் போகாதவர் பகல் முழுக்க வீட்டில் இருந்து என்ன செய்கிறார்? சும்மா இருக்கிற ஆள் இல்லையே.

நலமாயிருங்கள்.

ஜெபரத்தினம்

•

பாடன்
வைகாசி 29, 2024

அன்புள்ள பெரியப்பாவுக்கு,

நலமா? இங்கே மழை. லிம்மாத் ஆறு பாலத்தடியில் மண்ணிறமாக ஓடுகிறது.

திங்கட்கிழமை சமைத்தார்கள். அம்மா சமைத்தார். சோறு, பருப்பு, கத்தரிக்காய்ப் பால்கறி. செவ்வாய் யாரோ, புதன் யாரோ, மறுபடி திங்கள் அம்மா. ஒரு வருடம் அப்படி நடந்தது. உங்களுக்கு யாரும் சொல்லவில்லை என்று எனக்கு இப்போதுதான் தெரியும். ஒவ்வொரு திங்களும் அம்மாவைக் காரில் கொண்டுபோய் விட்டது அப்பா. உள்ளே போக மாட்டார். சாப்பாட்டுச் சட்டி சரிந்துவிடாமல் இருக்க ஆசனப் பட்டியால் அதைக் கட்டிக் கொண்டுபோய், இறக்கிக் கொடுத்துவிட்டு, காரிலேயே இருப்பார். ஒரு நாள் நானும் போனேன். “ஏனப்பா உள்ள வரேல்ல?” என்று கேட்டேன். “சொன்னது பிழையான ஆள், சொன்ன விசயம் பிழையில்லை” என்றார்.

நானும் உங்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். இரண்டு வருடமாக எனக்கு நம்பிக்கை இல்லை. ஹெல்மிங் அதைக் கெடுக்கவில்லை. அவரை வாசிக்கும் முன்பே போய்விட்டது. வீட்டுத் திறப்பு தொலைந்ததைக் கதவடியில் வந்து நிற்கும்போதுதானே அறிவோம், அப்படித்தான் எனக்கும். ஞாயிறுகளில் பாட்டுக்கு எழுந்து நிற்பேன், வாய் திறக்க மாட்டேன். நான் கூச்சக்காரி என்பதால் ஒருவரும் கவனிக்கவில்லை. நான் போதகராக வருவேன் என்று அப்பா நினைத்திருக்கிறார். இதை எழுதியது உங்களுக்கு மட்டும்தான்.

அப்பா ஜன்னலடிக் கதிரையில் இருக்கிறார். வெளியே பார்க்கிறார்.

உடம்பைக் கவனியுங்கள்.

சரணியா

•

நெஷாத்தெல்
ஆனி 15, 2024

அன்பு மகள் சரணியாவுக்கு,

சுகமா? நான் சுகம். சுடுதண்ணீர் ஒத்தடம் கொடுக்கிறேன் என்று உன் அம்மாவிடம் சொல்.

சட்டியைப் பட்டியால் கட்டிக்கொண்டு போனானா? அவன் அப்படித்தான். சோலோதுர்னில் அகதி முகாமில் இருந்தபோது முட்டை வாங்கினால் மேற்சட்டைக்குள் வைத்துக் கொண்டுவருவான். ஒரு நாள் பனியில் விழுந்தான். எழும்பி என்னிடம் முதலில் சொன்னது, “அண்ணை, மூண்டு தப்பிட்டுது.” நெஞ்செல்லாம் மஞ்சட்கரு.

உன் கடிதத்தை வேலையிடத்தில் வைத்து வாசித்தேன். கூட வேலை செய்யும் பொடியன் துக்கமான செய்தியா என்று கேட்டான். இல்லை, ஒன்பது வருடம் பழைய சாப்பாடு இப்போதுதான் வந்து சேர்ந்தது என்றேன். என் பிரெஞ்சுதான் பிழை என்று நினைத்துக்கொண்டு போய்விட்டான்.

உன் நம்பிக்கை பற்றி நான் ஒன்றும் சொல்லப் போவதில்லை. போனதை நான் பிடித்துத் தர முடியாது. போகட்டும் என்று தட்டிக்கொடுக்கவும் மாட்டேன். என்னைப் பார்த்து எழுதாதே, ஹெல்மிங்கைப் பார்த்தும் எழுதாதே. அவ்வளவுதான்.

இப்போது என் கேள்வி. நீ உன் அப்பாவைப் பற்றி இதுவரை எழுதியதையெல்லாம் எடுத்து வைத்துப் பார்த்தேன். பழைய கதைகளில் அவன் கதைக்கிறான். இந்த வருடத்தில் அவன் ஒரு சொல்லும் சொல்லவில்லை. வேலைக்குப் போவதில்லை, கதிரையில் இருக்கிறார், ஜன்னலால் பார்க்கிறார். அவனுக்கு என்ன, பிள்ளை?

ஜெபரத்தினம் பெரியப்பா

•

பாடன்
ஆடி 2, 2024

அன்புள்ள பெரியப்பாவுக்கு,

நீங்கள் நலமாயிருப்பீர்கள் என்று எழுதத் தொடங்கிவிட்டு நிறுத்தினேன். இதை வாசித்த பிறகு இருக்க மாட்டீர்கள்.

தை மாதக் கடைசியில், தொழிற்சாலையில் வேலை முடித்து உடுப்பு மாற்றும்போது அப்பா விழுந்துவிட்டார். பாரிசவாதம். வலது கை எழும்பாது. பேச்சுப் போய்விட்டது. நாம் சொல்வது விளங்குகிறது என்கிறார்கள், ஆனால் பதில் வராது. ஒரே ஒரு சொல் மட்டும் மிஞ்சியிருக்கிறது. சிலருக்கு அப்படி ஒரு சொல் நிற்குமாம், எது நிற்கும் என்று யாராலும் சொல்ல முடியாதாம். தண்ணீருக்கும் அதுதான், நோவுக்கும் அதுதான், ஓமுக்கும் இல்லைக்கும் அதுதான்.

பிற்றே.

தமிழில் ஒரு சொல்லும் இல்லை, பெரியப்பா. என் பெயரும் இல்லை. அம்மாவின் பெயரும் இல்லை. முப்பது வருடம் மேற்பார்வையாளருக்கும் அலுவலகங்களுக்கும் வீட்டுக்காரருக்கும் சொன்ன சொல் மட்டும் இருக்கிறது.

முதற் கடிதத்தில் அதற்குத் தமிழ் கேட்டது கட்டுரைக்காக என்று எழுதினேன். ஹெல்மிங்கின் அந்த வரி உண்மைதான். ஆனால் நான் கேட்டது அதற்காக மட்டும் இல்லை. ‘அப்பாவுக்குச் சுகமில்லை’ என்று எழுதினால் நீங்கள் வரலாம், வராமலும் விடலாம். வராமல் விட்டால் அதை அம்மாவுக்கு எப்படிச் சொல்வேன் என்று பயந்தேன். ஒரு சொல்லைப் பற்றிக் கேட்டால் எப்படியும் மறுமொழி எழுதுவீர்கள் என்று நினைத்தேன்.

இருக்கிறோம் என்று எழுதினேன். சுகம் என்று நான் எழுதவில்லை.

சரணியா

•

நெஷாத்தெல்
ஆடி 5, 2024

சரணியா,

தை, மாசி, பங்குனி, சித்திரை, வைகாசி, ஆனி. அவன் வாய் கட்டுப்பட்டுக் கிடக்க, நான் உனக்குப் பெர்மிட் பகிடி எழுதிக்கொண்டிருந்தேன். என்னை எழுதவிட்டுப் பார்த்துக்கொண்டிருந்தாய்.

நான் எழுதுவது அவனுக்குத் தெரிய வேண்டாம்.

ஜெ.

•

பாடன்
ஆவணி 18, 2024

அன்புள்ள பெரியப்பாவுக்கு,

உங்கள் மறுமொழியை வாசித்துவிட்டுத்தான் இதை எழுதுகிறேன். உங்கள் கோபம் நியாயம். அதற்குப் பிறகு ஒன்றும் வரவில்லை. முழங்கால் எப்படி என்று அம்மா ஒவ்வொரு கிழமையும் கேட்கிறார். நானாக ‘குறைவாம்’ என்று சொல்லிவைக்கிறேன்.

ஒரு விசயம் சொல்ல வேண்டும். வைத்தியசாலையில் அம்மாவுக்கு மொழிபெயர்ப்பது நான்தானே. பங்குனியில் வைத்தியர் எப்படி இருக்கிறார் என்று கேட்டபோது அம்மா, “இவர் கேக்கிறார். பின்னேரமானா கேட்டுக்கொண்டே இருக்கிறார்” என்றார். நான் அதை ஜேர்மனில், அவருக்குக் காது கேட்கிறது, பின்னேரங்களில் எதையோ கேட்டுக்கொண்டிருக்கிறார் என்று சொன்னேன். வைத்தியர் யோசித்தார். காதுக்குள் சத்தம் கேட்கிறதாக்கும் என்று காதுப் பரிசோதனைக்கு எழுதினார். ஆனியில்தான் நாள் கிடைத்தது. அப்பாவின் தலையில் பெரிய காதுக்கருவியை மாட்டினார்கள். அம்மாவுக்குக் கோபம் வந்துவிட்டது. “காதுக்கு என்னடி? எதையோ தா தா எண்டு கேக்கிறார் எண்டெல்லோ நான் சொன்னனான்!”

கேட்பதும் தமிழில் ஒரே சொல், செவிகொடுப்பதும் அதே சொல். வீட்டுத் தமிழை விளங்காத மொழிபெயர்ப்பாளர் அங்கே நான்தான். மூன்று மாதம் அவர் எதையோ கேட்டுக்கொண்டே இருந்திருக்கிறார். என் பிழையால் அது அவர் காதில் உள்ள கோளாறு என்று பதிவாகியிருந்தது.

அதன்பிறகு நாங்கள் கவனித்தோம். பின்னேரம் ஆறு மணிக்குத்தான் அது தொடங்கும். தண்ணீர் கொடுத்தோம், தலையணை மாற்றினோம், ஜன்னலைத் திறந்தோம், மூடினோம். தலையை ஆட்டுவார். “பிற்றே, பிற்றே.” ஒரு நாள் அம்மா அடுப்படியில் இருந்து வந்து அப்படியே நின்றார். “ஆறு மணி. வீட்டு ஜெபம்.” அப்பா விழுந்த நாளிலிருந்து எங்கள் வீட்டில் ஜெபம் இல்லை, பெரியப்பா. எப்போதும் அவர்தான் நடத்துவார். அம்மா சைவ வீட்டில் பிறந்தவர், வாய்விட்டு ஜெபித்ததில்லை. நான் இறையியல் படிப்பவள். இருவரும் என்னைப் பார்த்தார்கள். நான் பரீட்சை இருக்கிறது என்று சொல்லி அறைக்குள் போய்விட்டேன்.

கட்டுரையைக் கொடுத்துவிட்டேன். பேராசிரியர் நல்லது என்றார். முடிவு மட்டும் இல்லை என்றார். ஹெல்மிங் எப்படி இறந்தார், போதகரைக் கூப்பிட்டார்களா, அவர் சம்மதித்தாரா என்று எங்கும் இல்லை. அந்தப் பக்கத்தை அப்படியே வெறுமையாக விட்டேன்.

சுகத்துக்கு எழுதுங்கள்.

சரணியா

•

நெஷாத்தெல்
புரட்டாதி 10, 2024

மகள் சரணியாவுக்கு,

முழங்கால் குறையவில்லை. அம்மாவுக்குப் பொய் சொல்லாதே.

நான் பாடனுக்கு வந்தேன். போன சனிக்கிழமை. பாலத்தைக் கடந்து உங்கள் கட்டடத்தடிவரை வந்தேன். இரண்டாம் மாடி ஜன்னலில் ஒரு தலை தெரிந்தது. முடி முழுக்க வெள்ளை. நான் அவனைக் கறுப்பு முடியோடுதான் நினைத்துக்கொண்டிருந்தேன். அவன் என்னைக் காணவில்லை. அழைப்புமணியில் உங்கள் பெயர் இருந்தது. அழுத்தவில்லை. திரும்பி ரயில் ஏறினேன்.

பயம் என்று நினைப்பாய். அதுவும்தான். ஆனால் கேள். நான் உள்ளே வந்தால் அவன் என்னிடம் ஜெபம் கேட்பான். வேறு என்னத்தைக் கேட்பான்? என்னிடம் அது இல்லை. இல்லாததைக் கொடுப்பதுபோல் நடித்தால் அது அவனுக்குச் செய்யும் துரோகம். மதாம் றொஸேயிடம் மறுத்துவிட்டு, என் தம்பி என்பதால் இவனிடம் நடித்தால், நான் ஒன்பது வருடம் இருந்த இருப்புக்கு என்ன அர்த்தம்? மறுத்தாலோ, கேட்க ஒரே சொல் மட்டும் உள்ளவனின் முகத்தைப் பார்த்து நான் இல்லை என்று சொல்ல வேண்டும். இரண்டும் என்னால் முடியாது.

வந்து ஜெபியுங்கள் என்று என்னிடம் கேட்காதே, பிள்ளை. நீ கேட்டால் எனக்கு இன்னும் கடினம்.

வெறுமையாக விட்ட பக்கம் நல்லது. அப்படியே இருக்கட்டும்.

பெரியப்பா

•

பாடன்
ஐப்பசி 6, 2024

அன்புள்ள பெரியப்பாவுக்கு,

உங்கள் கடிதத்தை அம்மாவுக்கு வாசிக்கவில்லை. வந்து திரும்பினீர்கள் என்று மட்டும் சொன்னேன். “சாப்பிடாமல் போட்டாரே” என்றார். முழங்கால் குறையவில்லை என்பதையும் சொல்லிவிட்டேன். நீங்கள் சொன்னதை மீறவில்லை. ஜெபிக்கச் சொல்லி உங்களிடம் கேட்க மாட்டேன்.

இப்போது நான் ஜெபிக்கிறேன். பத்து நாளாக. யாரிடம் சொல்கிறேன் என்று தெரியாமல்தான் சொல்கிறேன். பேச்சுப் பயிற்சிக்கு வரும் பெண்ணுக்காக, அப்பாவை விழுந்த இடத்தில் தாங்கிய போர்த்துக்கீசக்காரருக்காக, ஜெயகௌரி அக்காவுக்காக, அம்மாவின் தோள்நோவுக்காக. ஒவ்வொருவர் பெயராகச் சொல்வேன். உங்கள் பெயரையும் சொல்வேன். அப்போது அப்பாவின் இடது கை கதிரைப் பிடியை இறுக்கும். இது நம்பிக்கையா என்று நீங்கள் கேட்டால் இல்லை என்பேன். நடிப்பா என்று கேட்டால் அதற்கும் இல்லை என்பேன். அதற்குமேல் எனக்கு இன்னும் சொல் கிடைக்கவில்லை.

நான் தொடங்கியதும் அப்பா கண்ணை மூடுவார். முகம் தளரும். ஆனால் முடித்த பிறகு கண்ணைத் திறக்க மாட்டார். காத்திருப்பார். நான் ஆமென் சொன்னேன். தலையை ஆட்டினார். அம்மா சொன்னார். அதற்கும் ஆட்டினார். “பிற்றே” என்றார். மறுபடி முழுவதையும் சொன்னேன். மறுபடி அதே இடத்தில் நின்றோம். ஒவ்வொரு நாளும் அந்த இடத்தில்தான் நிற்கிறோம்.

நேற்று அம்மா அப்பாவின் காலுக்குப் போர்வை சுற்றிக்கொண்டே, என்னைப் பார்க்காமல் சொன்னார். “அது ஆரும் சொல்லிற ஆமென் இல்லையடி. சோலோதுர்னில தட்டுக் கட்டில் எல்லோ. இவர் மேல, அத்தான் கீழ. ஒருத்தர் ஜெபிச்சா மற்றவர்தான் முடிக்க வேணும். ஜெபிச்சவர் தானே ஆமென் சொல்லக் கூடாது. அது அவையின்ர சட்டம். எங்கட கலியாணத்தண்டும் அப்பிடித்தான். அந்தப் பிள்ளையின்ர அடக்கத்தண்டு இவர் ஜெபத்தை முடிச்சிட்டுத் திரும்பிப் பாத்தார். சபை முழுக்க ஆமென் எண்டது. இவர் பக்கக் கதவைத்தான் பாத்துக்கொண்டு நிண்டவர். அதுக்குப் பிறகு இந்த வீட்டில வாய்விட்டு ஆமென் சொன்னவரே இல்லை. நீ கவனிக்கேல்லையோ?”

நான் கவனிக்கவில்லை. ஒன்பது வருடம் ஒவ்வொரு நாளும் அந்த ஜெபத்தில் இருந்தேன், கவனிக்கவில்லை. அப்பா முடித்ததும் கொஞ்ச நேரம் சும்மா இருப்பார், பிறகு எழுந்து சாப்பிடப் போவோம். அது அவருடைய பழக்கம் என்று நினைத்திருந்தேன்.

இங்கே குளிர் தொடங்கிவிட்டது. கம்பளிக் காலுறை போடாமல் வேலைக்குப் போகாதீர்கள். அம்மா உங்களை விசாரித்ததாக எழுதச் சொன்னார்.

என்றும் உங்கள் பெறாமகள்
சரணியா

கையெழுத்துப் போட்ட பிறகுதான் இதை எழுதத் துணிவு வந்தது. ஞாயிறு நாலரை ரயிலில் வாருங்கள், பெரியப்பா. நிலையத்தில் நான் நிற்பேன். ஜெபத்தை நான் சொல்கிறேன், அது பொய்யென்றால் அந்தப் பொய் என்னுடையது. நீங்கள் கண்ணை மூட வேண்டாம், முழங்காலில் நிற்க வேண்டாம், நம்பவும் வேண்டாம். அப்பாவின் கதிரைக்குப் பக்கத்தில், அவருக்கு உங்கள் குரல் தெரியும் தூரத்தில் இருங்கள். நான் நிறுத்தியதும், கடவுளுக்கு இல்லை, உங்கள் தம்பிக்கு, ஒரே ஒரு ஆமென் சொல்லுங்கள்.